வாடகைக்கு எடுத்த நம்பர்

காலை 7.40. டயர் கடையின் ஷட்டர் முக்கால்வாசி திறந்திருந்தது. உள்ளே கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. பஞ்சரான சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்த பால்வண்டிக்காரர் இரண்டு தடவை குரல் கொடுத்துப் பார்த்துவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தார். நுழைந்த வேகத்திலேயே வெளியே ஓடி வந்து சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்ததும் முதலில் கம்ப்ரஸரை நிறுத்தினாள். அப்போதுதான் ஈக்களின் சத்தம் கேட்டது.

கடைக்காரர் லாரி டயர்களுக்கு நடுவே குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்து போயிருந்தது. சக்கரத்து நட்டுகளைக் கழற்றும் நீள இரும்பு ஸ்பானர் பக்கத்திலேயே கிடந்தது, முடியும் ரத்தமும் ஒட்டிக்கொண்டு. வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. விழுந்த பிறகும் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கையைத் தூக்கியிருக்கிறார் மனுஷன். அந்தக் கையோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள்.

"திருட்டு இல்ல மேடம். கல்லாவை யாரும் தொடல," என்றார் எஸ்.ஐ.

"திருட வந்தவன் ஒரு போடு போட்டுட்டு ஓடிடுவான். இவன் நின்னு அடிச்சிருக்கான்." அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். பாதி கழற்றிய டியூப் இறந்தவரின் இடது கையடியில் இருந்தது. "வேலை பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். வந்தவனுக்கு முதுகைக் காட்டி."

கடைக்காரரின் செல்போன் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. திறந்து பார்த்த எஸ்.ஐ.யின் முகம் மாறியது. அரட்டைச் செயலி ஒன்றில் மூன்று வாரமாக மிரட்டல் வந்திருந்தது. அனுப்பியவன் பெயர் 'கருந்தேள்'. படமும் தேள்தான். நம்பர் கிடையாது, அந்தச் செயலியில் பெயர் மட்டும்தான் தெரியும். 'உன் மண்டையை உடைச்சு உன் கடை வாசல்லயே போடுவேன்.' முந்தாநாள் வந்த கடைசிச் செய்தி அது.

"சொன்னபடி செஞ்சிட்டான் பாருங்க," என்றார் எஸ்.ஐ.

இப்படி மிரட்டல் வந்த ஆள், காலையில் தனியாகக் கடையைத் திறந்துவிட்டு, யாரோ ஒருவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டியூப் கழற்றுவாரா? அது இன்ஸ்பெக்டருக்கு உறுத்தியது.

இறந்தவருக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஒரே தங்கை, தங்கையின் கணவன், அவர்களின் ஏழு வயதுப் பெண், அவ்வளவுதான் குடும்பம். கணவன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். பத்து மணிக்கு இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். புழுங்கித் தள்ளும் அந்த வெயிலில் தங்கை முழுக்கை ரவிக்கை போட்டு, கழுத்தைச் சுற்றித் துணி போர்த்தியிருந்தாள். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுததெல்லாம் போட்டோக்காரன்தான்.

"மச்சானுக்கு ஒருத்தரும் ஆகாதவங்க கிடையாது மேடம். ஆனா நேத்து மத்தியானம் நான் கடையில இருந்தப்போ ஒரு போன் வந்துச்சு. எடுத்துப் பேசினதும் முகம் வெளிறிப் போச்சு."

"யார் பேசினது?"

"ஆம்பளைக் குரல். கரகரன்னு. என்ன பேசினான்னு எனக்குச் சரியா கேக்கல."

"நம்பர் பார்த்தீங்களா?"

"ஸ்க்ரீன்ல பார்த்தேன். முன்னாடி உள்ளது ஞாபகம் இல்ல. கடைசியில ஆறு பூஜ்யம் ஆறு ஒன்பது."

"அவர் போன்ல அப்படி ஒரு அழைப்பே இல்லையே?"

"அழிச்சிருப்பார் மேடம். தங்கச்சி பார்த்தா பயப்படுவான்னு." அவன் மூக்கை உறிஞ்சினான். "அவ்வளவு பாசம்."

இன்ஸ்பெக்டர் தங்கையிடம் திரும்பினாள். "உங்க அண்ணன் உங்ககிட்ட எதுவும் சொன்னாரா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் சொன்னான்: "இவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். வீடு, அடுப்படி, அவ்வளவுதான் இவ உலகம்."

"நான் அவங்களைக் கேட்டேன்."

"தெரியாதுங்க," என்றாள் தங்கை.

பன்னிரண்டு மணிக்கு அரட்டைச் செயலி நடத்தும் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. கருந்தேள் என்ற கணக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் திறக்கப்பட்டது. திறக்கும்போது சரிபார்க்கக் கொடுத்த நம்பர் இது. எஸ்.ஐ. கடைசி நாலு இலக்கத்தை உரக்கப் படித்தார். ஆறு, பூஜ்யம், ஆறு, ஒன்பது.

"அந்த ஆள் சொன்னது அச்சு அசலா பொருந்துது மேடம்!" அவர் கிட்டத்தட்டக் குதித்தார். அடுத்த ஒரு மணி நேரத்தில் நம்பரின் ஜாதகத்தையே கொண்டு வந்துவிட்டார். "இது சிம் கார்டு நம்பரே இல்ல. இணையத்துல வாடகைக்குக் குடுக்கிறாங்க. கணக்கு தொடங்கும்போது ஒரு ரகசிய எண் அனுப்புவாங்கள்ல, அதை வாங்கிக்கிறதுக்கு மட்டும். சொந்த நம்பரைக் குடுக்க விரும்பாதவங்க எடுக்கிறாங்க. வேலை முடிஞ்சதும் விட்டுடலாம். இப்ப யார் கையில இருக்குன்னு கேட்டேன். சொல்லிட்டாங்க. பெரிய தெரு மருந்துக்கடைக்காரர். ஆளைத் தூக்கியாச்சு."

மருந்துக்கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வழுக்கை, கண்ணாடி. அந்த நம்பரைப் பற்றிக் கேட்டதும், தனக்கு எதுவுமே தெரியாது என்று அடித்துச் சொன்னார். எஸ்.ஐ. மேஜையில் ஓங்கித் தட்டியதும், தெரியும் என்றார். எதற்கு எடுத்தீர்கள் என்றால் வாயைத் திறக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"உள்ள கொண்டு போய் நாலு தட்டு தட்டினா கக்கிடுவான் மேடம்," என்றார் எஸ்.ஐ.

அப்போதுதான் அது நடந்தது. வராந்தாவில் இருந்த போட்டோக்காரன், கான்ஸ்டபிளைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தான். "என் மச்சானைக் கொன்ன பாவி!" மருந்துக்கடைக்காரரின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, மூக்கிலேயே குத்தினான். கண்ணாடி நொறுங்கியது. கீழே விழுந்தவரை விலாவில் இரண்டு உதை. மறுபடியும் கையை ஓங்கினான்.

எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் தற்செயலாக வாசல் பக்கம் பார்த்தாள். பத்தடி தள்ளி நின்றிருந்த தங்கை, கணவன் கை உயர்ந்த கணத்தில் தன் தலையைக் குனிந்து, இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளை அடிக்க அங்கே யாருமே இல்லை.

அவனைப் பிரித்து வெளியே தள்ளினார்கள். இன்ஸ்பெக்டர் மருந்துக்கடைக்காரரைத் தூக்கி உட்கார வைத்து, மூக்கில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சு பிடித்தாள்.

"இனிமேலும் மறைக்காதீங்க. எதுக்கு அந்த நம்பர்?"

அவர் தரையைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு மேடம்."

"யார் கல்யாணம்?"

"எனக்குத்தான். ரெண்டாவது. வரன் பார்க்கிற தளத்துல நேத்து சாயங்காலம் பேரைப் பதிஞ்சேன். என் நம்பரைக் குடுத்தா அக்காவுக்குத் தெரிஞ்சிடும். இந்த வயசுல உனக்குக் கல்யாணம் கேக்குதான்னு ஊரைக் கூட்டிடுவா." சொல்லிவிட்டு அழுதார். அடிபட்ட வலிக்குக்கூட அவர் அழவில்லை.

நேற்றுச் சாயங்காலம். இன்ஸ்பெக்டர் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நம்பர் வாடகைக்கு விடும் கம்பெனிக்குத் தானே பேசினாள். இரண்டே கேள்விதான் கேட்டாள். வெளியே வந்தபோது எஸ்.ஐ.யைக் கூப்பிட்டு, கதவோரம் நிற்கச் சொன்னாள். பிறகு கணவனையும் மனைவியையும் உள்ளே வரவழைத்தாள்.

"உட்காருங்க. நேத்து மத்தியானம் உங்க மச்சானுக்குப் போன் வந்தது. அந்த நம்பரை அவர் போன்ல உங்க கண்ணால பார்த்தீங்க. அப்படித்தானே?"

"சத்தியமா மேடம்."

"அந்த நம்பருக்குக் காது உண்டு. வாய் கிடையாது."

போட்டோக்காரன் விழித்தான்.

"ரகசிய எண் வந்தா வாங்கிக்கும், அவ்வளவுதான். அதுலேருந்து யாரும் யாருக்கும் பேசவே முடியாது. இப்பதான் கம்பெனியில கேட்டேன். அப்போ உங்க மச்சான் போன்ல அது எப்படி அடிச்சுது?"

"அப்படின்னா... அந்த மிரட்டல்ல பார்த்திருப்பேன். குழம்பிட்டேன் மேடம்."

"அதுல தேள் படமும் பேரும்தான் தெரியும். நம்பர் தெரியாது. எங்களுக்கே பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும். நீங்க பத்து மணிக்குச் சொன்னீங்க." அவள் குரல் உயரவில்லை. "நீங்க சொன்னதும் கம்பெனி சொன்னதும் பொருந்தினதும் நாங்க சந்தோஷப்பட்டோம். பயந்திருக்கணும். கருந்தேள் கணக்குக்குப் பின்னாடி அந்த நம்பர்தான் இருக்குன்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். மூணு வாரத்துக்கு முன்னாடி அதை வாடகைக்கு எடுத்தவனுக்கு."

"இப்ப அது அந்த மருந்துக்கடைக்காரன் கையிலதானே இருக்கு!"

"நேத்துச் சாயங்காலத்துலேருந்து. அதுவரைக்கும் பொய்ப் பேர்ல வச்சிருந்தவங்க நேத்துக் காலையில விட்டுட்டாங்க. விட்ட நம்பரை அடுத்து யாராவது எடுப்பாங்க, அவன் தலையில விழும்னு கணக்குப் போட்டிருக்கீங்க. அதனாலதான் கேக்காமலே போன் கதையை எடுத்து விட்டீங்க. நாங்க அந்த நம்பரைத் தேடாம போயிடுவோமோன்னு அவசரம். உங்க மச்சானும் உங்களுக்குன்னா முதுகைக் காட்டுவார். மிரட்டினவனுக்குக் காட்டுவாரா?"

"நான் எதுக்கு அவரைக் கொல்லணும்?"

இன்ஸ்பெக்டர் தங்கையைப் பார்த்தாள். "அம்மா, அந்தக் கழுத்துத் துணியை எடுங்க."

தங்கை அசையவில்லை. ஆனால் போட்டோக்காரன் அசைந்துவிட்டான். நாற்காலி பின்னால் கவிழ, பெண்டாட்டியின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். "நீதானடி என்னைக் காட்டிக் குடுத்தே!" மறு கை அவள் தொண்டையைப் பிடித்தது. எஸ்.ஐ. எட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் லத்தியை அவன் முழங்கையில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் அலறிக்கொண்டு சரிந்தான். முதுகில் முழங்காலை ஊன்றி, நல்ல கையிலேயே விலங்கை மாட்டினாள்.

துணி தானாகவே நழுவியிருந்தது. கழுத்தில் நாலு விரல் தடம், பழையதும் புதுசுமாக, மஞ்சளும் ஊதாவும் கலந்து.

"போன மாசம் அண்ணன் பார்த்துட்டான்," என்றாள் தங்கை. குரல் கரகரத்தது. "ஸ்டுடியோவுக்கே போய், இன்னொரு தடவை கை வச்சா வெட்டிடுவேன்னு சொன்னான். இன்னிக்குக் காலையில கடையைத் திறந்து வச்சிட்டு, வண்டி எடுத்துக்கிட்டு என்னையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போக வர்றதா இருந்தான்." அவள் எச்சில் விழுங்கினாள். வலித்திருக்க வேண்டும். "இவர் ஈரத்தலையோட வந்தார். சட்டையை மொட்டைமாடித் தண்ணித் தொட்டிக்குள்ள கல்லைக் கட்டிப் போட்டிருக்கார். நான் பார்த்தேன். பார்த்துட்டுக் கீழ வந்து பாப்பாவுக்குச் சாப்பாடு கட்டினேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க எஸ்.ஐ. வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். மூக்கில் பஞ்சோடு வாசலில் நின்ற மருந்துக்கடைக்காரர், தங்கைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

மாலை மூன்றரைக்கு இன்ஸ்பெக்டர் அவளை ஜீப்பில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பள்ளி வாசலில் இறங்கும்போது தங்கை கேட்டாள்.

"எத்தனை வருஷம் போடுவாங்க மேடம்?"

"அது கோர்ட்டு சொல்லணும்."

மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு ஓடி வந்தார்கள். அந்தக் கும்பலில் தன் மகளைத் தேடிக்கொண்டே தங்கை கேட்டாள்:

"இவ பெரியவளாகிற வரைக்குமாவது உள்ள இருப்பாரா?"

"இருப்பான்," என்றாள் இன்ஸ்பெக்டர். கோர்ட்டைக் கேட்காமலேயே சொன்னாள்.