வரம்புக்குள்ள இருந்த மண்ணு

சமையல்கட்டுல அக்கா எதையோ மென்னுக்கிட்டு இருந்தா. அந்த சத்தம்தான் சரியில்ல. பிஸ்கட் கடிச்சா ஒரு சத்தம் வரும், ஐஸ் கடிச்சா ஒரு சத்தம் வரும், இது ரெண்டும் இல்ல; சாப்புடும்போது பல்லுக்கு நடுவுல கல்லு மாட்டி 'நற'ன்னு உடம்பே கூசுமே, அது, நிறுத்தாம, நிதானமா, ருசிச்சு ருசிச்சு.

ஹால்ல உக்காந்திருந்த தங்கச்சி தண்ணி டம்ளரக் கீழ வச்சா. மத்தியானம்தான். ஆனா கரண்ட் இல்ல, வெயிலுக்குன்னு திரையெல்லாம் இழுத்து விட்டு, வீடே கலங்குன தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குற மாதிரி இருந்துச்சு. அக்கா உண்டாயிருக்கான்னு கேட்ட நாள்லேர்ந்து இவளுக்குத் தூக்கம் இல்ல. இந்த வீட்ட விட்டுக் கெளம்புக்கான்னு சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வருவா. காபி குடிச்சிட்டுப் போயிடுவா.

மண்ணுல விஷம் இருக்கான்னு பாக்குறதுதான் இவ வேலை. அக்கா வச்ச பேரு பெருச்சாளி. இந்த இடம் பழைய பேட்டரி கம்பெனிய இடிச்சுப் போட்ட பொட்டலா இருந்தப்போ, குழி போட்டுப் பாத்தது இவதான். நாலு மூலையிலயும் நடுவுலயும். கெழக்கு மூலையில மட்டும் மண்ணு கன்னங்கரேல்னு, துருப்பிடிச்ச ஆணிய நக்குன மாதிரி ஒரு வாடை. அத தனியா லேபுக்கு அனுப்பிருந்தா ஈயம், இவ்ளோ இருக்கலாம்னு வச்ச வரம்ப எங்கயோ தாண்டிருக்கும். எல்லாத்தையும் ஒரே வாளில கலக்கி ஒரே சாம்பிளா எடும்மா, ஊரே அப்படித்தான் பண்ணுதுன்னாரு மேனேஜர். கலக்குனா. இவ கையாலதான் கலக்குனா. நல்ல மண்ணுக்குள்ள கெட்ட மண்ணு காணாம போயிடுச்சு.

அப்புறம் அக்காவும் மாமாவும் மனை பாக்க வந்து, கெழக்கு மூலைதான் பிடிச்சிருக்குன்னு நின்னாங்க. அப்பவாவது சொல்லிருக்கலாம். வேலை போயிடுமேன்னு பயம். வரம்புக்குள்ளதான்க்கான்னுட்டா. பொய்கூட இல்ல. அதுதான் இன்னும் அசிங்கம்.

நற. நற.

எந்திரிச்சுப் போனா. வாசப்படியிலயே அந்த வாடை வந்துடுச்சு. துரு. ஈரம். தொண்டைக்குள்ள எறங்குற புளிப்பு.

அக்கா தரையில கால நீட்டி உக்காந்திருந்தா. மடியில சாப்பாட்டுத் தட்டு. தட்டு நெறைய மண்ணு.

"பயந்துட்டியாடி? மசக்கைதான், மாமாகிட்ட சொல்லிடாத." உதட்டுல கறுப்பு. "எல்லா எடத்துலயும் நோண்டிப் பாத்தேன், சப்புன்னு இருக்கு. இந்த மூலையிலதான் இனிக்குது."

ஈயம் இனிக்கும்னு இவ படிச்சிருக்கா. ஒரு ஆளு ஒரு நாளைக்கு எவ்ளோ மண்ணு முழுங்குவாங்கன்னு ரிப்போர்ட்ல ஒரு கணக்கு வரும். கையில ஒட்டுனது, காத்துல வந்தது. ஒரு சிட்டிகைகூட தேறாது. அந்தக் கணக்குக்குப் போட்டதுதான் வரம்பு.

அக்கா இன்னொரு பிடி அள்ளுனா.

"துப்புக்கா."

"ஏன்டி? நீ பாத்துச் சொன்ன மண்ணுதானே."

இப்ப சொல்லணும். வாயத் தொறந்தா. "உனக்கு... ரத்தம் கம்மியா இருக்கும்க்கா. டாக்டர்ட்ட போலாம்."

இப்பவும் பொய் இல்லாத ஒண்ணச் சொல்லித் தப்பிச்சிட்டா. காது ரெண்டும் கொதிச்சுது. அக்கா மூஞ்சியப் பாக்க முடியல.

"அட, உன் குரலக் கேட்டதும் அசையுது பாரு." அக்கா இவ கையப் புடிச்சு இழுத்து, சேலைய வெலக்கி, வயித்து மேல வச்சு அமுக்குனா.

ஜில்லுனு இருந்துச்சு.

உதைக்கல.

சரிஞ்சுது. உள்ள. மெதுவா, பொலபொலன்னு. மண்ணு மூட்டைய சாச்சா உள்ள சரியுமே, அப்படி. ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம். நின்னுது. திரும்பவும் சரிஞ்சுது.

"தெரியுதா?" அக்கா சிரிச்சா.

இவ கைய உருவிக்கிட்டா.

அக்கா வயித்துல இவ அஞ்சு வெரலும் பதிஞ்ச பள்ளம். மேல எழும்பல. ஓரத்துலேர்ந்து மண்ணு ஒவ்வொரு துணுக்கா உள்ள உதிர்ந்துக்கிட்டு இருந்துச்சு.