இரண்டு வருட இடைவெளி

சௌஜன்யாவின் உதடு அசைந்த பிறகுதான் போனில் ஹிமபிந்துவின் குரல் வந்தது. ஒத்திகையில் எப்போதும் குரல்தான் முந்தும்.

அமீர்பேட்டையில் இது ஒன்றும் புதுத் தொழில் இல்லை. லேப்டாப்பை ஒட்டிப் போனை வைத்துவிட்டால், எங்கிருந்தோ ஒரு கெட்டிக்காரி பதில் சொல்வாள், வேலை கேட்பவள் கேமராவைப் பார்த்து வாயை மட்டும் அசைப்பாள். எதிரே மனிதர் கிடையாது. கேள்வி கேட்பதும், முகத்தைப் பார்ப்பதும், கழிப்பதும் மென்பொருள்தான். சௌஜன்யாவின் நாற்பத்தொரு விண்ணப்பங்களை எந்தக் கம்பெனியிலும் மனிதக் கண் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே காரணத்தால் கழிந்தன: இரண்டு வருட இடைவெளி. பிள்ளை பெற்று வளர்த்த இரண்டு வருடம். நாற்பத்திரண்டாவது எப்படியோ நேர்காணல் வரை வந்திருக்கிறது. உகாதிக்குள் வேலை கிடைத்தால் குழந்தை புஜ்ஜி அவளிடம், இல்லையென்றால் நிஜாமாபாத்தில் மாமியாரிடம் என்று இரு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்துவிட்டார்கள். உகாதிக்கு இன்னும் நான்கே நாள். அநியாயம்தான், யாரிடம் போய் அழுவது?

மதிய வெயிலில் தகரக் கூரை முறுக்கிக்கொள்ளும் சத்தமும், பக்கத்து வீட்டில் கோங்கூராக் கீரை தாளிக்கும் நெடியும், அடுக்களையில் புஜ்ஜி கரண்டியால் கிண்ணத்தைத் தட்டுவதும் சேர்ந்து வர, அவள் வாயசைத்துக்கொண்டே இருந்தாள். திரை ஓரத்தில் மதிப்பெண் காட்டும் பச்சைக் கோடு ஏறிக்கொண்டே போனது. குரல் அருமையாகப் பதில் சொன்னது. கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த குரல். ஆனால் ஜலதோஷம் சௌஜன்யாவுக்குத்தான்.

போன் ஒளிர்ந்தது. ஹிமபிந்துவின் செய்தி.

“அக்கா, மெட்ரோல மாட்டிக்கிட்டேன். இன்னும் ஆரம்பிக்கலதானே? நான் லைனுக்கு வந்தப்புறம் ஆரம்பிங்க.”

அழைப்பு இணையவே இல்லை.

கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பினால் கழித்துவிடும். திருப்பவில்லை. வாயும் நிற்கவில்லை.

“உங்கள் பணியில் இரண்டு வருட இடைவெளி உள்ளது. காரணம்?”

உதடுகள் தாமாகப் பிரிந்தன.

“இடைவெளியா? அப்படி எதுவும் இல்லைங்க. ரெண்டு வருஷமும் வேலைதான் பார்த்தேன்.”

பச்சைக் கோடு ஏறியது. அடுக்களையில் தட்டுவது நின்றது.

“குடும்பப் பொறுப்புகள்?”

பல்லைக் கடித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். உள்ளங்கைக்குள் உதடுகள் அசைந்தன.

“யாரும் இல்லைங்க.”

“அம்மா...” என்றது அடுக்களையிலிருந்து ஒரு குரல். பாதியில் அறுந்தது.

“சரிபார்க்கப்பட்டது. இடைவெளி நீக்கப்பட்டது. நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்.”

ஓடினாள். அடுக்களையில் யாரும் இல்லை. கிண்ணம் அலமாரியில் கழுவிக் கவிழ்த்திருந்தது. கொடியில் அவளுடைய துணி மட்டும். மாமியாரைப் போனில் கூப்பிட்டு, புஜ்ஜியைக் காணோம் என்று கதறினாள்.

“யாரும்மா புஜ்ஜி?” என்றாள் மாமியார். “உனக்கு ஏது புள்ள?”

போனைக் கீழே போட்டாள். குர்தாவைத் தூக்கி, பிள்ளைக்காக அறுத்துத் தைத்த அடிவயிற்றைத் தடவினாள். தழும்பு இல்லை. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வழவழவென்று இருந்தது.