மைனாவுக்குச் சொல்லாத சேதி

மைனா வாயைத் திறந்து பாட ஆரம்பித்தாலே எனக்கு வயிறு எரியும்.

மைனா என் சித்தி மகள். என்னைவிட ஒரு வயது சின்னவள். சித்திக்கு வெளியூர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். ஆறு மாதம் ஆகிறது. என் அறையில் பாதி போச்சு. என் மேஜையில் பாதி போச்சு. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பாட்டையுமா?

எங்கள் சபையில் சிறுவர் பாடகர் குழு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, ஞாயிறு ஆராதனையில் ஒருவர் மட்டும் முன்னால் நின்று தனியாகப் பாட வேண்டும். இரண்டு வருடமாக அது நான்தான். இந்த வருடம் பாட்டு டீச்சர் மைனாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"நீ ரெண்டு தடவை பாடிட்டியேம்மா. அவளும் பாடட்டுமே" என்றார்.

"சரி டீச்சர்" என்று பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள் ஒரே புகைச்சல். யார் வீட்டுக்கு வந்து யார் பாட்டைப் பாடுவது?

வீட்டில் அண்ணன் வேறு. "அடடா, தவளைக்கு ரிட்டயர்மெண்ட் குடுத்துட்டாங்களா?" என்றான். என் குரல் கொஞ்சம் கட்டை. அதனால் அவன் எனக்கு வைத்த பேர் தவளை.

இதெல்லாம் போதாது என்று, அம்மா என்னுடைய நீலக் கவுனை எடுத்து மைனாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

"அம்மா! அது என்னோடது!"

"உனக்கு முழங்காலுக்கு மேல ஏறிடுச்சுடி. கிழிச்சுத் துடைக்கவா வச்சிருக்கே?"

பாட வேண்டிய ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, அந்தக் கவுனைச் சரிசெய்ய மைனா தையல் கடைக்குப் போனாள். "அஞ்சு மணிப் பயிற்சிக்கு வந்துடறேன்க்கா!" என்று துள்ளிக்கொண்டே போனாள். அம்மா வேலையிலிருந்து வரவில்லை. அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. பாட்டு டீச்சர்.

"இன்னைக்குப் பயிற்சி அஞ்சு மணிக்கு இல்லம்மா, நாலு மணிக்கே. மைனாகிட்டயும் சொல்லிடு. மறந்துடாதே!"

"சரி டீச்சர்."

ரிசீவரை வைத்தேன்.

கடைசிப் பயிற்சிக்கு நேரத்தோடு வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பாட முடியாது. அது டீச்சர் போட்ட சட்டம். போதகர் மகனையே ஒருமுறை உட்காரவைத்தவர் அவர். மைனா வரவில்லை என்றால் அந்தப் பாட்டு முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

தையல் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. தையல்கார அக்கா மெஷினில் உட்கார்ந்துவிட்டால் போனை எடுக்கவே மாட்டார். நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

சொல்லணுமா?

'ஆண்டவரையே கேட்டுவிடலாம்' என்று தோன்றியது. அண்ணன் பரீட்சைக்கு முன்னால் ஒரு வேலை செய்வான். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, பக்கத்தில் விரலை வைப்பான். விரல் எங்கே நிற்கிறதோ, அதுதான் ஆண்டவர் சொல்லும் பதில் என்பான். கணக்கில் அவன் இரண்டு முறை கோட்டைவிட்டது வேறு விஷயம்.

நானும் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, மைனாவுக்குச் சொல்லணுமா, வேண்டாமா?"

திறந்தேன். விரலை வைத்தேன். ஒரே பெயர்ப் பட்டியல். யாருக்கு யார் பிள்ளை என்று பக்கம் முழுக்க ஓடியது. அதில் என் பேரும் இல்லை, மைனா பேரும் இல்லை.

இன்னொரு முறை திறந்தேன். திரைச்சீலை எத்தனை முழம் நீளம் இருக்க வேண்டும் என்று இருந்தது. தையல் கடைக்கு வேண்டுமானால் உதவும்.

மூன்றாவது முறை, வாயைக் காத்துக்கொள்வது நல்லது என்பது போல ஒரு வரி.

"பார்த்தியா! ஆண்டவரே சொல்லிட்டார்!" என்று குதித்தேன்.

குதித்த கையோடு ஒரு கேள்வி எழுந்தது. மூன்று முறை திறந்தேனே, 'போய்ச் சொல்' என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

நான்காவது முறை திறந்திருப்பேன்.

அம்மா வேண்டாம் என்றால் அப்பாவிடம் போய்க் கேட்பேனே, அந்த மாதிரிதான் இதுவும். நான் பதில் கேட்கவே இல்லை. எனக்குப் பிடித்த பதில் வரும்வரை பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். என்னை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

வேதாகமத்தை மூடி வைத்தேன். இந்த முறை விரலை எங்கும் வைக்கவில்லை.

"ஆண்டவரே, எனக்கு அவள் மேல பொறாமையா இருக்கு. அவள் பாடறது எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் என்ன செய்யணும்னு எனக்கு முதல்லயே தெரியும். ஆனா காலு நகர மாட்டேங்குது. கொஞ்சம் தள்ளி விடுங்களேன்."

குரல் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனின் குறட்டைதான் கேட்டது. கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

மைனா கடையில் ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். கவுனைச் சுற்றிலும் குண்டூசி.

"பயிற்சி நாலு மணிக்காம்! வா!"

"ஐயையோ! இதைக் கழட்டணுமே!"

"நேரமில்லை, அப்படியே வா!"

தையல்கார அக்கா, "ஏய், என் ஊசி!" என்று கத்தினார். மைனா ஓடினாள். ஓடும்போதெல்லாம், "ஆ! குத்துதுக்கா! ஆ!" என்றாள்.

ஆலயத்துக்குள் நுழைந்தபோது நான்கு தாண்டி ஏழு நிமிடம். எல்லோரும் வரிசையில் நின்றிருந்தார்கள். டீச்சர் மைனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு மணின்னு சொல்லி அனுப்பினேனே. கடைசிப் பயிற்சிக்கே லேட்டா? அக்கா வந்து இழுத்துட்டு வரணுமா?"

மைனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் கலங்கிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக்குப் பாட்டு என்னுடையது.

"டீச்சர், அவள் மேல தப்பில்லை" என்றேன். தொண்டை நிஜமாகவே தவளை மாதிரி கரகரத்தது. "நீங்க மூணு பத்துக்கே சொன்னீங்க. நான்தான் வேணும்னே சொல்லாம இருந்தேன்."

டீச்சர் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

"மைனா, முன்னால வந்து நில்லு" என்றார். பிறகு என்னிடம், "நீ பின்வரிசை" என்றார். அவ்வளவுதான்.

மைனா பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பி வரும்போது தெருமுனையில் மைனா கேட்டாள். "ஏன்க்கா சொல்லலை?"

"பொறாமை" என்றேன்.

"என் மேலயா?" அவள் நின்றே விட்டாள். "நான்தான்க்கா தினமும் உன்னைப் பார்த்துப் பொறாமைப்படறேன்."

"என்னையா? எதுக்கு?"

"நீ ஸ்கூல்விட்டு வந்ததும் 'அம்மா'ன்னு கத்தறே. உடனே 'என்னடி'ன்னு பதில் வருது."



சாயங்காலம் அம்மா சீப்பும் கையுமாக உட்கார்ந்தாள். "வாடி, தலை பின்னிவிடறேன்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

"முதல்ல அவளுக்கும்மா" என்றேன்.

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று. மைனா மெல்ல வந்து அம்மாவின் மடியில் சாய்ந்துகொண்டாள். அம்மா அவசரமே இல்லாமல் சிக்கெடுத்தாள்.

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இருந்தாலும் என் முறை வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.