மூன்றாவது கோபுரத்துக் கைகாட்டி

சில்லுவுக்கு அன்று ஒரே ஒரு ஆசைதான். கோட்டைக்குள் இருக்கும் குதிரைச் சரிவில் சைக்கிளில் இறங்க வேண்டும்.

முற்காலத்தில் குதிரை வீரர்கள் மேல்வாசலிலிருந்து இறங்குவதற்காகப் பாறையில் வெட்டிய பாதை அது. அகலமாக, வளைந்து வளைந்து இறங்கும். காலை வேளையில் மட்டும் மலைச் சைக்கிள்காரர்களை அங்கே விடுவார்கள். கோட்டையைச் சுற்றிப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியதும், காவலாளி குறுக்கே சங்கிலி கட்டிவிடுவார்.

இதற்காகவே சில்லு, சித்தியின் சைக்கிள் கடைக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் விழுந்து விழுந்து பழகியிருந்தாள். முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி கடையைப் பூட்டிவிட்டு, மலைச் சைக்கிள் குழுவைக் காட்டுப் பாதையில் அழைத்துப் போவார். இதுவரை சில்லு மூன்றாவது கோபுரம் வரைதான் போயிருக்கிறாள். இன்றைக்குத்தான் முதல் முறையாகக் கோட்டை வரை.

பாதை நெடுகப் பழைய காவல் கோபுரங்கள் நின்றன. முதல் கோபுரத்தின் அடியில் எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள்.

"இது எதுக்குக் கட்டினாங்க?" என்று டைலர் மாமா கேட்டார். குழுவில் அவர் புது ஆள்.

சித்தியின் மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். சில்லுவுக்கு அண்ணன் முறை. யாராவது கேள்வி கேட்டால் போதும், அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

"சேதி சொல்றதுக்கு. ராத்திரியில ஒரு தீ ஏத்தினா, எல்லாம் சரின்னு அர்த்தம். ரெண்டு ஏத்தினா, உதவி வேணும்னு அர்த்தம். இந்தக் கோபுரத்தைப் பாத்து அடுத்த கோபுரம் ஏத்தும். அப்படியே கோட்டை வரைக்கும் போயிடும்."

"பகல்ல?"

அண்ணன் யோசித்தான். "பகல்ல... லீவு."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தி மட்டும் டைலர் மாமாவின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிரேக்கைப் பிடித்தால் பூனைக்குட்டியின் வாலை மிதித்ததுபோல ஒரு கீச்சுச் சத்தம் வரும்.

"திங்கக்கிழமை கடைக்குக் கொண்டு வாங்க. கேட்டாலே பல்லு கூசுது."

"பல்லு கூசினா என்கிட்டதான் வரணும்" என்றார் பல் டாக்டர். மஞ்சள் சட்டை போட்டிருந்தார். குழுவில் கடைசியாக வருபவருக்குத்தான் அந்தச் சட்டை. அவரை எல்லோரும் 'வால்' என்பார்கள்.

புறப்படும் முன் சித்தி எப்போதும்போல விதியைச் சொன்னார். "பாதை பிரியிற இடத்துல, எனக்கு அடுத்து வர்ற ஆள் நின்னு கை காட்டணும். வால் வந்த பிறகுதான் அங்கேருந்து நகரணும். மறந்துடாதீங்க."

சில்லு அதைக் காதில் வாங்கினாள். ஆனால் குதிரைச் சரிவின் நினைப்பு வந்து அதை மறைத்துவிட்டது.

கல் பாலத்தில் பாதை பிரிந்தது. அங்கே தபால்கார அக்கா கைகாட்டியாக நின்றார். பிறகு இரண்டாவது கோபுரம் வந்தது. அங்கே பாதை பிரியவில்லை. யாரும் நிற்கவும் இல்லை.

சில்லு மூச்சுப் பிடித்து மிதித்தாள். முன்னால் போனால்தானே சீக்கிரம் சேரலாம். சித்திக்குப் பின்னால் அண்ணன் போய்க்கொண்டிருந்தான். அவனை முந்துவது சாதாரணமில்லை. ஆனால் அன்றைக்கு அவனே ஒதுங்கி வழிவிட்டான்.

"போ, போ. நீயே போ."

இவ்வளவு நல்லவனா என்று சில்லு ஆச்சரியப்பட்டாள். அடுத்த வளைவிலேயே காரணம் தெரிந்துவிட்டது. மூன்றாவது கோபுரம். பாதை இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் கோட்டை. வலப்பக்கம், கோட்டைக்காகக் கல் வெட்டியெடுத்த பழைய குவாரி. ஆழமான பள்ளம்.

"சில்லு, நீ நில்லு" என்று சொல்லிவிட்டுச் சித்தி இடப்பக்கம் திரும்பினார்.

பின்னாலேயே வந்த அண்ணன் கையை ஆட்டினான். "கீழ இறங்கிட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்."

சில்லுவின் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் கையை இடப்பக்கம் நீட்டி நின்றாள்.

ஒவ்வொருவராகக் கடந்தார்கள். கடைசியில் தபால்கார அக்கா வந்தார். "கை வலிக்கலையா, கைகாட்டி?" என்று கேட்டுக்கொண்டே போனார். சற்று நேரத்தில் மஞ்சள் சட்டை தெரிந்தது.

"நான்தான் வால். வா, போகலாம்" என்றார் பல் டாக்டர். "வேகமா மிதிச்சா சங்கிலி கட்டறதுக்குள்ள போயிடலாம்."

சில்லு ஒரே தாவலில் சைக்கிளில் ஏறினாள். பெடலில் கால் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"டாக்டர் மாமா, டைலர் மாமா எங்க?"

"முன்னாடி போயிட்டார். பாலத்துக்கிட்ட நான் ஷூ லேஸ் கட்ட நின்னப்போ எனக்கு முன்னால போனாரே."

"இங்க வரலை."

"உனக்கு ஞாபகம் இருந்திருக்காது. எத்தனை பேர் போனாங்க."

"இங்க வளைவு, மாமா. பிரேக் பிடிக்காம யாரும் திரும்ப முடியாது. அந்தப் பூனைக்குட்டி கத்தவே இல்லை."

பல் டாக்டர் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை.

"கோட்டைக்குப் போய் உன் சித்திகிட்ட சொல்லிடலாமா?"

சில்லு இடப்பக்கப் பாதையைப் பார்த்தாள். போனால் சரிவில் இறங்கலாம். வால் வந்தாயிற்று. விதிப்படி அவள் வேலை முடிந்தது. யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

வலப்பக்கப் பாதையையும் பார்த்தாள்.

"நாம போன பிறகு அவர் வந்தா, எந்தப் பக்கம் திரும்புவார்? அவருக்கு வழி தெரியாது. நான் இங்கயே நிக்கறேன். சித்திக்கு இங்கேருந்தே சொல்லிக்கலாம்."

"எப்படி? கத்தியா?"

சில்லு அவருடைய சைக்கிளைக் காட்டினாள். ஹேண்டில்பாரில் வட்டமான கண்ணாடி இருந்தது. பின்னால் வருபவர்களைப் பார்க்க அவர் மாட்டியது. வாலுக்குப் பின்னால் யார் வரப்போகிறார்கள் என்று எல்லோரும் அதைக் கேலி செய்வார்கள்.

"அதைக் கழட்டித் தாங்க, மாமா."

கோபுரத்தின் மேல்பாதி இடிந்திருந்தது. படிகள் உறுதியானவை. சித்தியோடு முன்பே ஏறியிருக்கிறாள். மேலே போனதும் கோட்டை பளிச்சென்று தெரிந்தது. மேல்வாசலில் எறும்பு அளவில் ஆட்கள்.

முதலில் வெயிலைக் கண்ணாடியில் பிடித்துத் தன் உள்ளங்கையில் விழ வைத்தாள். கையைக் கோட்டைக்கு நேராக நீட்டினாள். பிறகு கையை விலக்கினாள். மறைத்தாள். விலக்கினாள். மறைத்தாள்.

இரண்டு ஒளி. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் இரண்டு.

கோட்டையில் ஒன்றும் நடக்கவில்லை. சில்லு விடவில்லை. வெளிச்சத்தைக் கீழே இருந்த காட்டுப் பக்கமும் திருப்பினாள். டைலர் மாமா எங்கே இருந்தாலும் கண்ணில் படட்டும்.

இரண்டு. இடைவெளி. இரண்டு.

அப்போது குவாரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

கீச். கீச்.

கொஞ்சம் இடைவெளி.

கீச். கீச்.

"டாக்டர் மாமா, பூனைக்குட்டி!" சில்லு மேலிருந்து கையை நீட்டினாள். "அந்தப் பக்கம். பெரிய பாறைக்குப் பின்னால. பாத்துப் போங்க, பள்ளம்."

மஞ்சள் சட்டை புதர்களுக்கு நடுவே போவதை அவள் மேலிருந்து பார்த்தாள். "இன்னும் வலது" என்றாள். "இப்ப நேரா" என்றாள். பல் டாக்டர் சொன்னபடியெல்லாம் கேட்டார்.

டைலர் மாமா பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று முன்னால், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் காணோம்.

"ரெண்டாவது கோபுரத்துக்குப் பின்னால போய்க் கல்லு வேலையைப் பாத்தேன்" என்றார். "அங்க ஒரு பாதை இருந்துச்சு. அதான் வழின்னு வந்துட்டேன். சக்கரம் கல்லு இடுக்குல மாட்டிச்சு, கண்ணாடி எங்கயோ பறந்துடுச்சு. பக்கத்துல வச்சுக் காட்டினா ஊசியில நூல் கோப்பேன். ஒரு அடி தள்ளி இருக்கிறது மரமா மனுஷனான்னு தெரியாது. அதான் அசையாம உக்காந்துட்டேன்."

"அப்புறம் எப்படி ரெண்டு ரெண்டா சத்தம் கொடுத்தீங்க?" என்று பல் டாக்டர் கேட்டார்.

"மேல பளிச் பளிச்சுனு ரெண்டு வெளிச்சம். முதல் கோபுரத்துல தம்பி சொன்னது ஞாபகம் வந்துச்சு. என்கிட்ட இருந்தது இந்தப் பிரேக்தான்."

பல் டாக்டர் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினார். இண்டு இடுக்கில் தேடுவது அவருடைய தொழில். உடனே கிடைத்துவிட்டது.

கோபுரத்தின் மேலே நின்ற சில்லு நிமிர்ந்து பார்த்தாள். கோட்டையில் ஏதோ பளிச்சென்றது. எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி. அதைச் சித்திதான் எப்போதும் வைத்திருப்பார்.

ஒரு ஒளி. சரி, பார்த்துவிட்டேன்.

மூவரும் கோபுரத்தடியில் கூடிய நேரத்தில், சித்தியும் அண்ணனும் புழுதி பறக்க வந்து சேர்ந்தார்கள். சித்தி டைலர் மாமாவின் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

"இவன்தான் முதல்ல பாத்தான்" என்று அண்ணனைக் காட்டினார். "சரிவு உச்சியில நின்னு ஒரு கால் பெடல்ல வச்சுட்டான். 'அம்மா, மூணாவது கோபுரம் ரெண்டு தடவை கண்ணடிக்குது'ன்னான்."

சில்லு அண்ணனைப் பார்த்தாள். "அப்ப நீயும் இறங்கலையா?"

"இல்லை."

"சங்கிலி?"

"இந்நேரம் கட்டியிருப்பாங்க."

அண்ணன் ஒரு கல்லைக் காலால் உருட்டினான்.

"அடுத்த ஞாயிறு இறங்கறேன்" என்றாள் சில்லு. கேட்கவில்லை. சொன்னாள்.

"சரி. அடுத்த ஞாயிறு இந்த இடத்துல நான் நிக்கறேன்" என்றான் அண்ணன். "ஒரு தடவைதான். பழகிடாதே."

டைலர் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். "திங்கக்கிழமை சைக்கிளைக் கொண்டு வரட்டுமா?"

சித்தி பதில் சொல்வதற்குள் சில்லு குறுக்கே வந்தாள். "சித்தி, அந்தப் பிரேக் நல்லா பிடிக்குதா?"

"பிடிக்கிறதுக்கு என்ன? குரங்குப்பிடி. சத்தம்தான் தாங்க முடியலை."

"அப்ப சத்தத்தை விட்டுடுங்க."

சித்தியின் கடையிலிருந்து எந்தச் சைக்கிளும் சத்தத்தோடு வெளியே போனதில்லை. அவர் பிரேக்கைப் பார்த்தார். சில்லுவைப் பார்த்தார்.

"சரி, விட்டாச்சு."

அடுத்த ஞாயிறு மூன்றாவது கோபுரத்தில் அண்ணன் நிற்க, சில்லு குதிரைச் சரிவில் இறங்கினாள். முதல் வளைவில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். இரண்டாவது வளைவில் கொஞ்சம் தளர்த்தி, வாய்விட்டுச் சிரித்தாள். மூன்றாவது வளைவில் அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. கீழ்வாசலுக்கு வந்துதான் மறுபடி பிடித்தாள்.

ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். வாசலைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. சில்லு கையை நீட்டி நின்றாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை.

"சில்லு, எல்லாரும் வந்தாச்சா?" என்று சித்தி கேட்டார்.

சில்லு இல்லை என்று தலையை ஆட்டினாள். காதைத் தீட்டிக்கொண்டாள்.

மேலே, மூன்றாவது வளைவில், கீச்சென்று ஒரு சத்தம்.

முதலில் பூனைக்குட்டி வந்தது. அதன் பின்னால் மஞ்சள் சட்டை வந்தது.

சில்லு கையை இறக்கினாள்.