கொஞ்சம் உள்ள வாங்க

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப்பில் இன்னும் அரை மணி நேரம் குலுங்கிய பிறகுதான் கரியன் வீடு வந்தது. பிற்பகல் மூன்று மணி. வெயில் அடிக்க வேண்டிய நேரத்தில் மலை முழுக்கப் பனி இறங்கியிருந்தது. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த சாமையை அவசரமாக அள்ளிச் சாக்கால் மூடியிருந்தார்கள். ஈரச் சாக்கின் வாசனை மூக்கில் ஏறியது.

வெற்றிவேல் கேமராப் பையை இறக்கி வைத்தான். கள்ளக்குறிச்சியில் அவனுக்கு ஒரு ஸ்டுடியோ, அதன் பின்னால் ஓர் அறை, அந்த அறையில் அவன் ஒருவன். ஊரில் பாதிப் பேருடைய கல்யாண ஆல்பம் அவன் கைவேலைதான். அவனை நிற்க வைத்து ஒரு படம் எடுக்கத்தான் ஆள் இல்லை.

கரியனின் அக்கா பாவாயி போன மாதம் இறந்துவிட்டாள். நாளைக்குப் படையல். முன்னால் வைக்க ஒரு போட்டோ வேண்டும்; வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாணத்தில் வெற்றிவேல் எடுத்த படங்களில் எங்காவது அவள் முகம் இருக்காதா என்றுதான் கரியன் அவனைக் கூப்பிட்டிருந்தான். இரண்டு நாள் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் குடைந்ததில் கிடைத்தது ஒரே படம். குடும்பம் மொத்தமும் வரிசையாக நிற்கிறது. வலது ஓரத்தில் ஒரு கை, அதில் நாலு பச்சைக் கண்ணாடி வளையல். அவ்வளவுதான் பாவாயி.

லேப்டாப்பில் அந்த வளையலைக் கரியன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"வந்து நின்னுச்சுங்க சார் எங்க அக்கா. நீங்கதான் தள்ளிப் போவச் சொன்னீங்க."

வெற்றிவேலுக்கு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை பக்கம் நாலு பேர், பெண் பக்கம் நாலு பேர். தராசு பிடித்தமாதிரி அமைந்திருந்தது. ஒன்பதாவதாக ஒருத்தி வந்து நின்று எல்லாவற்றையும் கெடுத்தாள். 'அக்கா, கொஞ்சம் வெளிய நில்லுங்க, ஃப்ரேம் கெடுது' என்று சொன்னது அவன்தான். தொழிலுக்கு வந்த புதிது, கொஞ்சம் திமிரும் இருந்தது.

"அப்பறம் போட்டோன்னாலே வூட்டுக்குள்ள போய்க்கும்," என்றாள் கரியனின் மனைவி சாலம்மாள். "யாரு கூப்ட்டாலும் வராதுங்க."

வெற்றிவேலுக்கு அவமானமாக இருந்தது. சும்மா திரும்பிப் போக மனம் வராமல், உங்களையாவது ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று எழுந்தான்.

கரியன், சாலம்மாள், அவர்கள் மகள் பவானி. மூன்றே பேர். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, மணிக்கட்டில் இடித்த செப்புக் காப்பை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, கண்ணைப் பொருத்தினான். தலைக்கு மேல் அளவாக இடம். பின்னால் பலாமரம், அதற்கும் பின்னால் வெறும் வெள்ளை. வலது ஓரத்தில் மட்டும் ஒரு கை துருத்திக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் ஆயிரம் தடவை சொன்ன பேச்சு. வாய் தானாகச் சொன்னது.

"ஓரத்துல நிக்கிற அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

சாலம்மாள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "யாரைங்க கூப்புடுறீங்க?"

கண்ணை எடுத்துப் பார்த்தான். மூன்று பேர்தான்.

மறுபடி கண்ணை வைத்தான்.

இப்போது தோள் தெரிந்தது.

விரல் அழுத்தியது. அடுத்த தடவை அழுத்தியபோது எண்ணெய் வைத்து வாரிய தலை, ஒரு பக்கத்துக் கன்னம். சொன்ன சொல் கேட்டு அவள் வந்துகொண்டிருந்தாள். கரியனைத் தாண்டினாள். பவானியைத் தாண்டினாள்.

நிற்கவில்லை.

உள்ளே என்றால் எதுவரைக்கும் என்று அவன் சொல்லவில்லை.

நேராகக் கேமராவைப் பார்த்து வந்தாள். உருவம் பெரிதாகி, கலங்கி, புடவையின் நூல் மட்டும் தெரிந்தது. பிறகு இருட்டு. காதுக்கு மிக அருகில் வளையல் ஒருமுறை கிணுங்கியது.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பையைக் கட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் மலையை விட்டு இறங்கிவிட்டான். அறைக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் மூன்று பேர்தான், ஓரம் சுத்தமாக இருந்தது. பழைய கல்யாணப் படத்தைத் திறந்தான். அதில் இருந்த கையும் இல்லை. மனசு கேட்காமல், புதிதாக எடுத்ததில் ஒன்றைக் கரியனுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தான்.

மறுநாள் காலையில் கரியன் கூப்பிட்டான். குரல் உடைந்திருந்தது.

"எப்புடி சார் கண்டுபுடிச்சீங்க? நடுவுல நிக்கிது சார் எங்க அக்கா. மொகம் அவ்ளோ தெளிவா இருக்குது. வெள்ளிமலையில பிரிண்டு போட்டு மாலையும் போட்டுட்டோம்."

வெற்றிவேல் லேப்டாப்பைப் பார்த்தான். அதில் மூன்று பேர்தான்.

"ஓரத்துல மட்டும் ஒரு ஆம்பள கை வுழுந்திருக்குதுங்க. செப்புக் காப்பு போட்டுக்கினு. யாரு சார் அது? அவரையும் கொஞ்சம் உள்ள வரச் சொல்லியிருக்கலாம்."

போனை வைத்துவிட்டு, அதன் கேமராவைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினான். திரையில் கட்டில், சுவர், காலண்டர்; அவன் முகம் இல்லை. வலது ஓரத்தில் அவன் கை. போனை நகர்த்தினான். தூக்கிப் பிடித்தான். சுவரோடு ஒட்டி நின்றான். எப்படி வைத்தாலும் அவன் கை மட்டும் ஓரத்தில்தான் விழுந்தது. நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். தலைக்கு மேலும் அளவாக விட்டிருந்தது, அவனே அமைத்ததுபோல.

அந்த அறையில் அவன் வாய் திறந்து பேசி எத்தனை நாளாயிற்றோ, திரையைப் பார்த்துக் கேட்டான்.

"அக்கா, நான் கொஞ்சம் உள்ள வரட்டுங்களா?"

காலியாக இருந்த நடுவில் வளையல் கிணுங்கியது.

திரையின் ஓரத்தில் இருந்த கை, மெல்ல வெளியே நகர்ந்தது.