குழாயில் கட்டிய எர்த்

குழாய் சூடாக இருந்தது.

கசோண்டே கையை எடுத்தாள். பேண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். கொதிக்கிற சூடு இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்து இருக்குமே, அந்தச் சூடு. பதினாறு வருஷமாக உள்ளே ஒன்றும் ஓடாத இரும்புக் குழாய் அது. ஒரு காலத்தில் சுரங்கத்தின் எழுநூற்றெண்பதாம் மட்டத்துக்குக் காற்றைக் கொண்டுபோனது. அந்த மட்டத்தைக் கான்கிரீட் ஊற்றி அடைத்தபிறகு அறை மூலையில் தரையைத் துளைத்துக்கொண்டு சும்மா நின்றது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். சுரங்கத்தில் வெடி இல்லை, இயந்திரம் இல்லை. வெளியே மழை மட்டும் தகரக் கூரையை உரித்துவிடுவது போல அடித்துக்கொண்டிருந்தது. சுவர் ஜில்லென்று இருந்தது. தரை ஜில்லென்று இருந்தது. குழாய் மட்டும் இப்படி.

அதில்தான் அவள் எர்த் கம்பியைக் கட்ட வேண்டியிருந்தது.

முறைப்படி கட்ட வேண்டிய செம்புப் பட்டை சுவரில் இல்லை. நேற்று இருந்தது. செம்பு தோண்டுகிற ஊரில் செம்பைத் திருடுகிறவனுக்குப் பஞ்சமில்லை. கீழேயிருந்து வெட்டி எடுத்து வேறு நாட்டுக்கு ஏற்றி அனுப்புகிறவனுக்குக் கோட்டும் டையும். சுவரிலிருந்து வெட்டி எடுக்கிறவனுக்கு நாயும் காவலும். வெட்டுப்பட்ட நுனி இரண்டும் புதுசாய்ப் பளபளத்தன. பொறியாளர் சிலேஷேவுக்குப் போன் போட்டு, பட்டை வரும்வரை தான் பொருத்த வந்த புதுப் பெட்டியில் மின்சாரம் விட முடியாது என்று சொன்னாள். அவர் வாயில் எதையோ மென்றுகொண்டே கேட்டார்.

"பெரிய படிப்பு படிச்சவளுக்கு ஒரு கம்பி கட்டத் தெரியலியாம்மா? பக்கத்துல குழாய் நிக்குதுல்ல, அதுல கட்டு. இங்க எல்லாரும் அப்படித்தான் கட்டுறோம்."

"புத்தகத்துல அப்படி இல்ல சார்."

"புத்தகம் ஆறு மணிக்குக் கூண்டுல இறங்காது. உன் தம்பிதான் இறங்குவான். பாத்துக்க."

அங்கேதான் அடிப்பார்கள். எங்கே வலிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு. சுரங்கக் கூண்டில் இறங்கும் ஆறு மணி ஷிப்டில் ஒன்பது பேர். அதில் மும்பா ஒருவன், அவளுடைய தம்பி. அவள் பல்கலைக்கழகம் போனபோது அவன் பத்தாம் வகுப்போடு நின்று தலைக்கவசம் மாட்டியவன். பாறை வெடிக்கப்போகிறது என்றால் அதற்கு முன்னால் மெல்ல முனகும். பாறைக்குள் புதைத்த காதுகள் அந்த முனகலைக் கேட்டு மேலே அனுப்பும். அவள் பொருத்தவேண்டிய இந்தப் பெட்டிதான் அதை வாங்கிக் கோடாக வரையும். பழைய பெட்டி போன வாரம் எரிந்துபோனது. இது இல்லாமல் இறங்கினால் அந்த ஒன்பது பேரும் செவிடர்கள். இவள் பொருத்தி, சோதித்து, கையெழுத்துப் போட்டால்தான் கூண்டு இறங்கவேண்டும்.

எனவே கட்டினாள். குழாயின் துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, எர்த் கம்பியைச் சுற்றி, கவ்வியை ஸ்பேனரால் இறுக்கினாள். தேய்த்த இடத்திலிருந்து ஒரு வாடை வந்தது. நனைந்த பாறை வாடை. அதற்கடியில் பழைய வியர்வை.

மற்றதையெல்லாம் பிசகாமல் செய்தாள். இரண்டு பேர் தூக்கவேண்டிய பெட்டியை ஒருத்தியாகத் தூக்கி ரேக்கில் வைத்தாள். உதவிக்கு ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள் யாரையும் அனுப்பவில்லை, அது மட்டும்தான் பிசகு. நாலு மூலையிலும் போல்ட். பின்னால் விசிறிக்கு ஒரு சாண் இடம். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தாள். உடம்பில் தேங்குகிற மின்சாரம் பெட்டிக்குள் சொருகும் மின்னணுக் கார்டைக் கொன்றுவிடும் என்பதால் இடது மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி, அதன் சுருள் வயரைப் பெட்டியின் இரும்பில் கவ்வவைத்தாள். பெட்டி குழாயோடு. குழாய் கீழே, எங்கேயோ, பாறையோடு. இப்போது அவளும்.

பத்து அறை உள்ள பெட்டி. மூன்று கார்டுகளை வெள்ளிநிறப் பையிலிருந்து உருவி, விளிம்பை மட்டும் பிடித்து, தடத்தில் வைத்துத் தள்ளி, கொக்கியைப் போட்டாள். மீதி ஏழு அறைகளையும் தகட்டு மூடியால் அடைத்துத் திருகினாள். வெற்றறையைத் திறந்துவைத்தால் காற்று தப்பான வழியில் போகும், மற்றவை சூடேறிச் சாகும். புத்தகம் அப்படித்தான் சொல்லியிருந்தது. வெற்றறையைத் திறந்துவைக்காதே.

கதவை உள்ளே தாழ்போட்டாள். செம்புத் திருடன் பயம். சுவிட்சைப் போட்டாள்.

விசிறிகள் எழுந்தன. பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்து மேஜையிலிருந்த லேப்டாப்பில் கோடு ஓடத் தொடங்கியது. பாறைக்குள்ளிருந்து வரும் வயர்கள் எதையும் அவள் இன்னும் சொருகவில்லை. பின்னால் சுருட்டி வைத்தபடி கிடந்தன. அதனால் கோடு நேராகத்தான் ஓடவேண்டும். கொஞ்ச தூரம் நேராக ஓடியது.

பிறகு ஒரு மேடு.

இன்னொன்று.

மழையாக இருக்கும் என்று நினைத்தாள். எர்த் சரியில்லை, குழாய் எதையோ வாங்குகிறது, இதற்குத்தான் புத்தகம் வேண்டாம் என்கிறது என்று சிலேஷேவை மனசுக்குள் திட்டினாள். மேடுகள் ஒரே இடைவெளியில் வந்தன. பதினொன்று. பிறகு நீளமான நேர்கோடு. பிறகு மறுபடி பதினொன்று.

அவள் கை லேப்டாப் மவுஸை விட்டுவிட்டது.

இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அது என்னவென்று தெரியும். கீழே மாட்டிக்கொண்டவர்கள் கல்லை எடுத்துக் காற்றுக் குழாயில் தட்டுவார்கள். எத்தனை பேர் இருக்கிறோமோ அத்தனை தட்டு. தட்டுகிறவன் மற்றவர்களை முதலில் எண்ணிவிட்டுத் தன்னைக் கடைசியாகத் தட்டுவான். கொஞ்சம் நிறுத்துவான். திரும்பத் தட்டுவான். மேலே இருக்கிறவர்கள் அதே எண்ணிக்கையைத் திருப்பித் தட்டினால், கேட்டுவிட்டோம், வருகிறோம் என்று அர்த்தம்.

எழுநூற்றெண்பதில் மாட்டியவர்கள் பதினோரு பேர். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. சுரங்கக் கேட்டுக்கு வெளியே பெண்கள் மூன்று நாள் சித்தெங்கே துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழாயில் சத்தம் கேட்கிறது, எங்கள் காதால் கேட்டோம் என்று கத்தினார்கள். கருவியில் ஒன்றும் பதிவாகவில்லை என்றார் அதிகாரி. கருவியே அன்றைக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நாலாம் நாள் கான்கிரீட் லாரி வந்தது. யாரும் திருப்பித் தட்டவில்லை.

பதினொன்று. நேர்கோடு. பதினொன்று.

அணைக்கவேண்டும். முதலில் சுவிட்ச். அப்புறம் வயர். எதையும் பதற்றத்தில் தொடக்கூடாது. சுவிட்சை அணைத்தாள். மின்வயரையும் உருவினாள். விசிறிகள் இறங்கி, முனகி, நின்றன. பச்சை விளக்கு செத்தது.

லேப்டாப்பில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

விசிறிச் சத்தம் போனதால் இப்போது காதிலேயே கேட்டது. குழாயில் இல்லை. பெட்டியில். ஏழு மூடிகளும் ஒவ்வொரு தட்டுக்கும் சேர்ந்து அதிர்ந்தன, மூடிய வாய்க்குள் பல் அடித்துக்கொள்வது போல. மணிக்கட்டுப் பட்டைக்கு அடியில் நாடி அதே தாளத்தில் அடித்தது.

போனை எடுத்தாள். சிலேஷே உடனே எடுத்தார், குரலில் நல்ல சந்தோஷம்.

"என்னம்மா, முடிச்சிட்டியே. இங்க என் பலகையில பச்சை வந்துச்சு."

"ஷிப்ட இறக்காதீங்க சார். எர்த் தப்பு. நான் கையெழுத்துப் போடல."

"பச்சை வந்துச்சேம்மா. மழை ஏறுது, சீக்கிரமா இறங்கிட்டுப் போகட்டும்னு கூண்டை விட்டாச்சு. உன் கையெழுத்த நானே போட்டுட்டேன். திங்கக்கிழமை வந்து..."

அவள் போனைத் துண்டித்தாள். தன் பச்சை விளக்கு. அவள் போட்ட சுவிட்ச். அவள் கட்டிய கம்பி. மும்பாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சுரங்கத்துக்குள் போன் எடுத்துப்போக மாட்டார்கள். விளக்கறைப் பெட்டியில் கிடந்து அடிக்கும்.

தரை ஒருமுறை தூக்கிப் போட்டது.

பெரிதாக ஒன்றுமில்லை. லாரி போனால் அதிருமே, அவ்வளவு. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் பெட்டிமேல் உதிர்ந்தது. மழை ஒரு நொடி நின்றாற்போல் இருந்தது. தட்டு நின்றது.

நிசப்தம்.

பிறகு தொடங்கியது. அவள் வாய் தானாக எண்ணியது. ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

அது புதுத் தட்டு. கொஞ்சம் தடுமாறிய தட்டு. பழக்கமில்லாத கை.

பதிமூன்று. பதினாலு.

"வேண்டாம்," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை.

பதினெட்டு. பத்தொன்பது.

நேர்கோடு.

காத்திருந்தாள். மறுபடி வந்தது. பத்தொன்பது. மறுபடியும். பத்தொன்பது. பதினொன்றும் ஒன்பதும் இருபது. ஒன்று குறைகிறது. எட்டு பேர்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவன் இல்லை. அந்த ஒருவன் யாராகவும் இருக்கலாம். அது யாராக இருக்கவேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. மற்ற எட்டு வீட்டையும் அந்த நிமிஷம் அவள் நினைக்கவில்லை.

போன் அடித்தது. மும்பா.

"அக்கா, எதுக்கு போன் அடிச்சிருக்க? என் விளக்கு எரியல. விளக்கில்லாம ஏத்தமாட்டேன்னு கூண்டுக்காரன் மேலேயே விட்டுட்டுப் போயிட்டான், நாய். உங்கிட்டதான் வந்துட்டிருக்கேன். நனஞ்சுட்டேன். தின்ன ஏதாவது வச்சிருக்கியா?"

சிரிக்கிறோம் என்றுதான் நினைத்தாள். போனில் காலடிச் சத்தம், சேற்றில் சளக் சளக்கென்று, நிஜமான கால், நிஜமான சேறு. வா, என்றாள். வந்துடு. எங்கயும் நிக்காத.

பத்தொன்பது, என்றது பெட்டி. இம்முறை நேர்கோடு வரவில்லை. பத்தொன்பதுக்குப் பிறகு எதையோ எதிர்பார்க்கிற மாதிரி அதிர்வு தொங்கியது. ஏழாவது மூடியின் திருகு மெல்லத் திரும்பியது. உள்ளேயிருந்து. அரைச் சுற்று. திருகு கழன்று மேஜையில் விழுந்து உருண்டது. மூடி ஒரு விரல்கடை விலகியது. அந்த இருட்டிலிருந்து பாறை வாடை வந்தது. வியர்வை வாடை.

வெற்றறையைத் திறந்துவைக்காதே.

பட்டையைப் பிய்த்தாள். கழன்றது, சுலபமாக. தரையில் விழுந்தது. சுருள் வயர் சுருண்டுகொண்டது. அவ்வளவுதான், எதோடும் ஒட்டில்லை, கதவு நாலு எட்டில் இருக்கிறது.

கால் நகரவில்லை.

மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் சூடாக இருந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்துப் போல.

கதவில் உள்ளங்கை அறைந்தது. "அக்கா. திற. குளிருது."

மூச்சை இழுத்தாள், ஓடு என்று கத்துவதற்கு. வாய்க்குள் தூள். நாக்கின்மேல், பல்லுக்குள், சாம்பல் நிறத் தூள். குரல் வரவில்லை.

பத்தொன்பது வந்து முடிந்தது. தொங்கியது.

அவளுடைய இடது கை உயர்ந்தது. ஸ்பேனர் அதில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வேறொருத்தியின் கையைப் பார்ப்பது போல. அது குழாய்வரை போனது. நின்றது. தட்டியது.

ஒரே ஒரு தட்டு. கடைசித் தட்டு.

வெளியே மும்பா கதவை அறைவதை நிறுத்தினான். சுரங்கக்காரன். காது தானாக எண்ணும்.

உள்ளே முதலிலிருந்து தொடங்கியது. இப்போது எல்லாத் தட்டும் அவள் கையிலிருந்தே வந்தன. நிதானமாக. ஒன்றும் பிசகாமல்.

"இருபது," என்றான் அவன் மழைக்குள்ளிருந்து, மெதுவாக. "அக்கா, உள்ள யாரெல்லாம் இருக்கீங்க?"

மூடி கழன்று விழுந்தது. கை மறுபடி உயர்ந்தது.

கதவுக்கு அந்தப்பக்கம், இரும்புச் சட்டத்தில் ஒரு கல்லால் அவன் திருப்பித் தட்டத் தொடங்கினான்.