நானூற்றுப் பன்னிரண்டாவது எச்சரிக்கை

போன் அலறியது!

புரோகிராமர் எடுத்தாள். மறுமுனையில் நர்ஸ் வேலை பார்க்கும் அவள் அக்கா.

"போலீஸ் வந்திருக்குடி... நான் ரெண்டு மில்லிதான் போட்டேன்... மெஷின் இருபது ஏத்திடுச்சு... பேஷண்ட் செத்துட்டாரு!"

அந்த மருந்தேற்றும் மெஷினுக்குப் புரோகிராம் எழுதியது அவள் கம்பெனிதான்.

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கே வந்துவிட்டார். பின்னால் அக்கா. கையில் விலங்கு!

"மெஷின் பதிவுல இருபதுன்னு இருக்கு. மெஷின்ல கோளாறு இல்லேன்னு உங்க மேனேஜர் எழுதிக் கொடுத்தா, கேஸ் முடிஞ்சுது."

"கோளாறு இருந்தா?" என்று சீறினாள் தங்கை.

"ஓட்டிப் பார்த்தாச்சும்மா. ஒழுங்காத்தான் ஓடுது."

"ஓட்டவே வேண்டாம் சார். புரோகிராமை வரிவரியாப் படிச்சு, எங்கே தப்பு வரலாம்னு சொல்ற செக்கர் எங்ககிட்ட இருக்கு."

மேனேஜரின் முகம் வெளுத்தது.

"வேண்டாம்மா... அதை இப்பத் திறக்காதே."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை! இன்ஸ்பெக்டர் அவரை முறைத்தார்.

அவள் செக்கரைத் திறந்து, 'மூடி வைத்ததையும் சேர்த்துக் காட்டு' என்று தட்டினாள். எச்சரிக்கைகள் கொட்டின. நானூற்றுப் பன்னிரண்டாவது...

"பாருங்க சார்! அளவைக் கேன்சல் பண்ணிட்டு மறுபடி போட்டா, முந்தின பேஷண்டோட அளவுதான் ஏறும்!"

"நான் கேன்சல் பண்ணேன்டி... ஒரே ஒரு தடவை!" என்று அக்கா கதறினாள்.

"அப்போ இதை ஏன் யாரும் கவனிக்கலே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"காட்டாதேன்னு யாரோ ஒரு வரி எழுதி இதோட வாயை அடைச்சிருக்காங்க சார்!"

"கும்பிட்டுக் கேக்கறேம்மா... விட்டுடு," என்றார் மேனேஜர்.

"ஒரு உயிர் போயிருக்கு! எங்கக்கா ஜெயிலுக்குப் போகணுமா?"

'அந்த வரியை எழுதியவர் யார்?' என்ற பட்டனை அழுத்தினாள்.

திரையில் பெயர் வந்தது.

அவளுடைய பெயர்!

மூன்று மாதத்துக்கு முன்... மறுநாள் மெஷின் வெளியாக வேண்டும். புலி வருது, புலி வருது என்று செக்கர் நானூறு தடவை வீணாகக் கத்தியது. எரிச்சலில் படிக்காமலே மொத்தத்தையும் ஒரே வரியில் அடைத்துவிட்டாள்.

புலி வந்தே விட்டது.

"செய்தி வந்ததுமே பார்த்துட்டேன்," மேனேஜரின் குரல் உடைந்தது. "உன் பேரைப் பார்த்துத்தாம்மா பயந்தேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. அக்காவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அக்காவை விட்டுடுங்க சார்."

"ஐயோ, வேண்டாம் சார்... அவ சின்னப் பொண்ணு!" என்றாள் அக்கா.

இன்ஸ்பெக்டர் விலங்குச் சாவியை எடுத்தார். அக்காவின் மணிக்கட்டையும் தங்கையின் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லவேளை... ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்!"